பத்துக் கிலோ பாஸ் எப்படி உருவாகிறது?

1932ஆம் ஆண்டு ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து விவசாயிகள் பொருளாதாரப் பெருமந்தத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். மழையால் வயலில் இறங்க முடியாமல் போகவே, ஜார்ஜ் பெர்ரி என்ற 20 வயது இளைஞர் நண்பரோடு மீன் பிடிக்கக் கிளம்பினார். போன இடம் மான்ட்கோமரி ஏரி. ஓக்மல்கீ ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவில் தேங்கிய நீர் அது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தூண்டில் கோல், மீன் வடிவில் செய்த செயற்கை இரை ஒன்று. பெர்ரி வீசினார். தண்ணீர் தெறித்தது. கோலை இழுத்தால் அசையவில்லை. மீன் தப்பிவிட்டது, முள் ஏதோ மரக்கட்டையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டை நகர ஆரம்பித்தது.

வந்தது லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன். ஊருக்குக் கொண்டுபோய் எடை போட்டபோது 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. நம் கணக்கில் 10 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு விவரம் எழுதி அனுப்பியதில் 75 டாலர் மதிப்புள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் வீட்டாருக்குச் சாப்பாடானது.

அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன் 10.12 கிலோ இருந்தது. பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி. குரிட்டாவின் மீன் ஒரு அவுன்ஸ் அளவுதான் கூடுதல். அதனால் இன்றும் அந்த உலக சாதனை இருவர் பெயரிலும் இருக்கிறது.

நீருக்கடியில் மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் சோனார் வந்துவிட்டது. வேகப் படகுகளும் ஆயிரம் வகைச் செயற்கை இரைகளும் வந்துவிட்டன. இவை எதுவும் இல்லாத பெர்ரியின் சாதனையைத் தாண்ட முடியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: இவ்வளவு பெரிய பாஸைப் பிடிப்பதைவிட, அப்படி ஒன்று உருவாவதே மிக அரிது. பெரிய பாஸ் பிடிக்க அனுபவசாலிகள் சொல்லும் உத்திகள் அத்தனையும் அந்த மீனின் உடலியலிலிருந்து பிறந்தவை. மீனின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் உத்தி தானாக விளங்கிவிடும்.

பெரியவை எல்லாம் பெண்

லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் உள்ள ஏரிகளுக்கும் மெதுவாக ஓடும் ஆறுகளுக்கும் உரிய நன்னீர் மீன். பச்சை உடல், விலாவில் கருந்திட்டுகள் கோத்த பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும் மேல்தாடை. சாதாரணமாகத் தூண்டிலில் மாட்டுவது அரைக் கிலோ, ஒரு கிலோ. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பது கன அளவின் கணக்கு. ஆகவே வயதான மீன் நீளத்தில் ஓரிரு அங்குலம் கூடினாலும் எடையில் அது பெரிய தாவல்.

இந்தத் தாவல் ஆண் மீனுக்குக் கிடைப்பதில்லை. வசந்தத்தில் தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஆண் மீன் கரையோரத்து ஆழமில்லாத இடத்துக்கு வருகிறது. வாலால் வண்டலைத் துடைத்துத் தள்ளி, அடியில் உள்ள சரளை தெரியும் வரை வட்டமாகக் கூடு பறிக்கிறது. பெண் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாப் பொறுப்பும் தந்தைக்குத்தான். முட்டைக்கு மேலே நின்று துடுப்பால் தண்ணீரை விசிறுகிறது. அதனால் முட்டைகளுக்குப் புது ஆக்சிஜன் கிடைக்கிறது, வண்டல் படிவதில்லை. கிட்டே வரும் மீன்களைத் துரத்துகிறது. சில நாளில் குஞ்சுகள் பொரிந்த பிறகும் அந்தக் கூட்டத்தை விட்டு விலகுவதில்லை. இந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஆண் பாஸ் 3 கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

பெண்ணின் நிலை வேறு. உடல் பெருக்கப் பெருக்க வயிற்றில் கொள்ளும் சினையும் பெருகுகிறது. எனவே பெரிதாக வளர்வது அதற்கு லாபம். சாதனைப் பட்டியலில் நிற்கும் பாஸ்கள் பெண் மீன்களே.

முதல் உத்தி இங்கிருந்தே வருகிறது. பெண் மீன் ஆண்டிலேயே அதிக எடையோடு இருப்பது முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில்தான். வயிறு நிறையச் சினை. அதை வளர்க்கக் கடும் பசி. கலிபோர்னியாவின் கசீட்டாஸ் ஏரியில் 21 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் சிக்கியது 1980 மார்ச்சில். கஸ்டேக் ஏரியில் 22 பவுண்டை எட்டிய மீன் சிக்கியது 1991 மார்ச்சில். டெக்சஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு மீன், லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் கிடைத்தது. பெர்ரியின் ஜூனும் குரிட்டாவின் ஜூலையும் விதிவிலக்குகள். குளிர்காலத்தின் கடைசியும் வசந்தத்தின் தொடக்கமும், கூடு பறிக்கும் ஆழமற்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழம் சரியும் விளிம்பும்தான் பெரிய பெண் மீனைத் தேட வேண்டிய காலமும் இடமும்.

வம்சம், இரை, வயது

எல்லாப் பெண் மீனும் ராட்சதமாகிவிடாது. ஃப்ளோரிடா தீபகற்பத்தில் தனி வம்சமாகப் பிரிந்து வளர்ந்த பாஸ் உண்டு. வட மாநிலங்களின் பாஸைவிட இது மிகப் பெரிதாகும் திறன் கொண்டது. 1959இல் இந்த ஃப்ளோரிடா மீன்களைக் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே மனிதர்கள் பிடிப்பதற்காக ஏரிகளில் ரெயின்போ ட்ரவுட் மீன்களையும் விடுவது வழக்கம். குளிர்ந்த நீருக்குப் பழகிய அந்த ட்ரவுட்டுக்கு முள் துடுப்பு கிடையாது. உடல் வழவழப்பு, சதையில் கொழுப்பு அதிகம். பாஸுக்கு அதைவிட நல்ல தீனி வேறென்ன வேண்டும்? பெரிதாகும் வம்சமும் கொழுத்த இரையும் மிதமான குளிர்காலமும் ஒரே ஏரியில் கூடியபோது கலிபோர்னியா ராட்சத பாஸ்களின் ஊராகியது.

டெக்சஸிலும் இதே கதைதான். அங்கே 1943இல் பதிவான 13.5 பவுண்டு சாதனை 37 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 1970களில் மாநில மீன்வளத் துறை ஃப்ளோரிடா குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் விடத் தொடங்கியது. 1980இல் அந்தச் சாதனை வீழ்ந்தது. 1986இல் லேக் ஃபோர்க்கில் 17.67 பவுண்டு மீன் வந்தது. எத்தல் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த மீன், 1994இல் இறக்கும் வரை மிசௌரி மாநிலத்தில் ஒரு பெரிய மீன் தொட்டியில் வாழ்ந்தது. அதை முதல் மீனாகக் கொண்டு டெக்சஸ் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனைப் பிடிப்பவர் அதை உயிரோடு அரசிடம் இரவல் கொடுக்கலாம். அரசு நிலையத்தில் அது முட்டையிட்ட பிறகு மீன் திரும்பவும் தண்ணீருக்குப் போகும். குஞ்சுகள் மாநில ஏரிகளுக்குப் போகும்.

இரண்டாவது உத்திக்குக் காரணம் இரைக் கணக்கு. ஒரு இரையைத் துரத்தச் செலவாகும் சக்தி, அதை விழுங்கினால் வரும் சக்தியைவிடக் குறைவாக இருந்தால்தான் மீன் வளரும். சிறிய மீன் பத்தைத் துரத்துவதைவிடப் பெரிய மீன் ஒன்றைப் பதுங்கியிருந்து பிடிப்பது பெரிய உடலுக்குக் கட்டுபடியாகும். மெலிந்த உடல்கொண்ட இரையாக இருந்தால் பாஸ் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை முழுசாக விழுங்கும். ஆகவேதான் கலிபோர்னியாக்காரர்கள் 20, 25 சென்டிமீட்டர் நீளத்தில் ட்ரவுட் போலவே செதுக்கி வண்ணம் தீட்டிய இரைகளை வீசத் தொடங்கினார்கள். பெரிய இரை வீசினால் நாள் முழுவதும் ஒன்றும் கடிக்காமல் போகலாம். ஆனால் கடித்தால் அது சிறு மீனாக இருக்காது. அந்த ஏரியில் பாஸ் எதைத் தின்கிறது என்று கண்டறிந்து, அதன் அளவிலும் வடிவிலும் இரையைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது தேவை வயது. மீனின் உள்காதில் ஓட்டோலித் என்ற சிறிய கல் இருக்கிறது. அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வளையங்கள் தெரியும். எண்ணினால் வயது வந்துவிடும். ஃப்ளோரிடாவில் 10 பவுண்டைத் தாண்டிய பாஸ்களை இப்படி எண்ணிப் பார்த்ததில் சராசரி வயது பத்தை ஒட்டி வந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் நாரையிடமும் நீர்நாயிடமும் தூண்டிலிடமும் தப்பிய பிறகே ஒரு பாஸ் அந்த எடைக்கு வருகிறது.

இரை வாய்க்குள் போகும் கணம்

பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. விழுந்த மரத்தடியின் நிழலிலோ நீர்ச்செடியின் ஓரத்திலோ அசையாமல் நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். தாடை திறக்கிறது, மேல்தாடை முன்னே நீள்கிறது, தொண்டை கீழே விரிகிறது. வாய்க்குள் திடீரென அழுத்தம் குறைவதால் முன்னால் உள்ள தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. செவுள் மூடிகள் திறந்து தண்ணீரை வெளியேற்றுகின்றன. இரை மட்டும் உள்ளே தங்குகிறது. நாம் கண் இமைத்து முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும். வேண்டாததை இதே வேகத்தில் துப்பவும் பாஸுக்குத் தெரியும். தூண்டில் நரம்பில் லேசான ஒரு தட்டுத் தெரிந்ததும் பழகிய கை ஏன் சுண்டி இழுக்கிறது என்பது இப்போது புரியும். சற்றுத் தாமதித்தால் பாஸ் இரையைத் துப்பிவிட்டிருக்கும்.

இரையை எப்படி அறிகிறது? பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, அருகில் நகரும் மீன் எழுப்பும் நுண்ணிய நீரசைவைக்கூட உணர்கிறது. கலங்கல் நீரிலும் இருளிலும் அதிர்வு எழுப்பும் இரை வேலை செய்வது இதனால்தான். தெளிந்த நீரில் கண்ணுக்கே முதலிடம். பாஸின் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் இரண்டே வகை: ஒன்று சிவப்பை நோக்கியது, மற்றொன்று பச்சையை நோக்கியது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ்களுக்கு நிறங்களைக் காட்டிப் பழக்கிச் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகப் பிரித்தறிந்தன. மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன. நீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு காணத் தடுமாறின. கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் நூறு வண்ணங்களில் பல மனிதக் கண்ணுக்காகச் செய்தவை. மீனுக்கு வெளிச்சம், நிழல், அசைவு, அளவு ஆகியவையே முக்கியம்.

வெப்பமும் ஆழமும்

பாஸின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பமே. வெப்பம் 10 டிகிரி கூடினால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். 10 டிகிரிக்குக் கீழே பசி மந்தமாகிச் செரிமானம் நாட்கணக்கில் இழுக்கும். அப்போது இரையை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். 25 டிகிரிக்கு மேலே பாஸ் வேகமாக வளரும், வேகமான இரையையும் துரத்தும்.

கோடையில் ஆழமான ஏரி அடுக்குகளாகப் பிரிகிறது. வெயிலில் சூடான லேசான நீர் மேலேயும், குளிர்ந்த கனமான நீர் கீழேயும் நிற்க, இரண்டும் கலப்பதில்லை. கீழடுக்கில் மட்கும் பொருட்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன; மேலிருந்து புது ஆக்சிஜன் இறங்க வழியில்லை. மூச்சுவிட முடியாத அந்த ஆழத்தில் இரையை இறக்குவது வீண். அடுக்குகள் சந்திக்கும் எல்லைக்குச் சற்று மேலே, குளிர்ச்சியும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் பெரிய மீன் நிற்கும். விடியலிலும் அந்தியிலும் அது கரையை நோக்கி வரும். மங்கிய ஒளியில் இரை மீனுக்குக் கண் தெரிவதைவிடப் பாஸுக்கு நன்றாகத் தெரியும்.

சிக்காத மீன்கள்

இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970களில் டேவிட் ஃபிலிப்பும் சக ஆய்வாளர்களும் தொடங்கிய ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. அங்கே பிடித்த பாஸ் ஒவ்வொன்றையும் அடையாளமிட்டுத் திரும்ப விட வேண்டும் என்று விதி. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஏரியை வடித்துப் பார்த்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தூண்டிலில் சிக்காதவை. மறுபக்கம், ஒரே ஆண்டில் 16 முறை சிக்கிய மீனும் இருந்தது.

எளிதில் சிக்கியவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்வித்தார்கள். சிக்கும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்ற முடிவு 2009இல் வெளியானது. அடுத்து 2012இல் வெளியான ஆய்வு இன்னும் சிந்திக்க வைத்தது: எளிதில் சிக்கும் வம்சத்து ஆண்களே கூட்டை முனைப்பாகக் காத்து அதிகக் குஞ்சுகளை ஆளாக்கின. கூட்டருகே வரும் எதையும் பாய்ந்து விரட்டும் குணம், தூண்டிலையும் பாய்ந்து கவ்வ வைக்கிறது. அப்படிப்பட்ட தந்தையைக் கூட்டிலிருந்து தூக்கினால், சுற்றிலும் காத்திருக்கும் புளூகில் மீன்கள் சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்று தீர்க்கும். நல்ல தந்தைகளை நாமே பொறுக்கி அகற்றினால் ஏரிக்கு நாளை எங்கிருந்து மீன் வரும்?

பிடிப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. பத்து வயதைக் கடந்த பெண் மீன், எச்சரிக்கையான குணத்தாலோ பட்டறிவாலோ தப்பிப் பிழைத்தது. எல்லோரும் வீசும் இடத்தில், எல்லோரும் வீசும் இரையை, படகுத் தரையில் தடதடவென்று நடந்துகொண்டே வீசினால் அது திரும்பியும் பார்க்காது. ஆளரவமற்ற மூலையும் ஓசையில்லாத அணுகுமுறையும் அதுவரை அது பார்க்காத இரையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

டாட்டி

கலிபோர்னியாவின் எஸ்கான்டிடோ நகரில் டிக்சன் என்ற சிறிய ஏரி இருக்கிறது. 2006 மார்ச் 20 அன்று அங்கே மாக் வீக்லி என்பவரின் தூண்டிலில் வந்த மீன் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. 11 கிலோவுக்கும் மேல். பெர்ரியின் சாதனையைவிட ஒரு கிலோவுக்கு மேல் அதிகம். ஆனால் முள் வாயில் மாட்டாமல் உடலின் பக்கவாட்டில் குத்தியிருந்தது. அப்படிச் சிக்கிய மீனை விட்டுவிட வேண்டும் என்பது விதி. வீக்லியும் நண்பர்களும் மீனைத் தண்ணீரில் விட்டார்கள், சாதனை கோரவில்லை. தாடைக்குக் கீழே இருந்த கருப்புப் புள்ளியை வைத்து டாட்டி என்று அழைக்கப்பட்ட அந்த மீன், 2008 மே மாதம் இறந்து மிதந்தது. தூண்டில் உலகம் உறவினரை இழந்ததுபோல் துக்கப்பட்டது. புகழும் பணமும் கையெட்டும் தூரத்தில் இருந்தபோது விதியை மதித்து மீனை விட்ட அந்த மனிதர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விடுவதும் விடாததும்

பெரிய பாஸ் சிக்கினால் என்ன செய்வது? கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அதுதான் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் காப்பு. கீழ்த்தாடையை மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். ஐந்து கிலோ உடலின் பாரம் முழுதும் தாடையில் இறங்கும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். தண்ணீருக்கு வெளியே செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மீனுக்கு மூச்சு முட்டும். அளவும் படமும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நீளமும் சுற்றளவும் குறித்துக்கொண்டால், சுவரில் மாட்ட அதே அளவில் ஃபைபர்கிளாஸ் பிரதி செய்து தருவோர் இருக்கிறார்கள். லேக் ஃபோர்க்கில் 41 முதல் 61 சென்டிமீட்டர் வரையுள்ள பாஸைக் கட்டாயம் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவும் பாஸ் பிறந்த மண்ணுக்குப் பொருந்தும். பிவா ஏரியின் நியாயம் வேறு. 1925இல் ஜப்பானுக்கு வந்த பாஸ் பின்னாளில் பிவாவிலும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. குரிட்டா இரையாகப் போட்ட புளூகில் மீனும் வந்தேறிதான். 1960இல் சிகாகோ மேயர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு அன்பளிப்பாகத் தந்த வகை அது. பேரரசரான பின் 2007இல் அகிஹிட்டோ அதற்காக வருந்திப் பேசினார். பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு பிவா ஏரியில் தடை இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியால் நம் நீர்நிலைகள் படும் பாட்டைப் பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸை நம் குளங்களில் கொண்டுவந்து விடும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

நமக்கென்று கொடுவா இருக்கிறது. பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் கழிமுகத்தில் தூண்டில் போடுபவர்கள் அதன் இழுப்பை அறிவார்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே அதிலும் மிகப் பெரியவை பெண்களே. அவை சுமக்கும் சினையே அடுத்த தலைமுறை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் பெரும்பாலான நீர்நிலைகளில் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை விதித்திருக்கிறது. நம் ஊரில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடும் நண்பர்களை நான் கேட்பது இதுதான்: நடுத்தர மீனைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கணக்கில் பிழைத்து வந்த பெரிய தாய் மீனை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.